எம்.எஸ்ஸி., எம்.இ., பிஎச்.டி. படிக்க உதவித்தொகையும் கடனும்: கோவையிலிருந்து சேலம் வரை எது கைகொடுக்கிறது?

மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம், அதற்குப் பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி., லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம், சேலம் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம். முதுகலைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் போய்ச் சேரும் இடங்கள் இவை. ஃபீஸ் கட்டும் ஜன்னலில் "ஸ்காலர்ஷிப் ஏதாவது வருங்களா?" என்று கேட்டால், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதத்தைக் காட்டுவார்கள். அதில் திட்டத்தின் பெயரும் தொகையும்தான் இருக்கும். எந்த மாதம் பணம் வரும், யார் எந்தப் பட்டனை அழுத்தினால் வரும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் நின்றுபோகும் என்பதெல்லாம் அதில் இருக்காது. இந்த மதிப்பீடு முழுக்க அவற்றைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபீஸ் ஜூலை, ஆகஸ்ட்டில் கட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகை எதுவும் அந்த நேரத்துக்குள் வராது. பொங்கல் தாண்டி வருவது சாதாரணம், அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போவதும் உண்டு. முதல் பருவத்து ஃபீஸுக்கு உதவித்தொகையை நம்பி உட்காரக் கூடாது. அதற்கு வேறு வழி வைத்துக்கொண்டு, உதவித்தொகையை இரண்டாம் பருவத்திலிருந்து கணக்கில் எடுத்தால்தான் வீட்டில் கை கடிக்காது.

எம்.இ., எம்.டெக். சேருகிறவர்களுக்கு இருப்பதிலேயே உருப்படியானது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் முதுகலை உதவித்தொகை. நம் ஊரில் 'கேட் ஸ்டைபண்டு' என்றால்தான் தெரியும். மாதம் 12,400 ரூபாய், 24 மாதம், மொத்தம் 2,97,600. பொறியியல் முதுகலைக்கான தேசியத் தகுதித் தேர்வான 'கேட்'டில் செல்லுபடியாகும் மதிப்பெண்ணோடு முழுநேரப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். எம்.ஃபார்ம்.க்கு 'ஜிபேட்' (GPAT) தேர்வு, டிசைன் படிப்புக்கு 'சீட்' (CEED) தேர்வு. குடும்ப வருமான வரம்பு இல்லை என்பது இதன் பெரிய பலம். ஏக்கர் கணக்கில் தோட்டம் இருந்தும் கையில் ரொக்கம் இல்லாத வீடுகள் நம் பக்கம் ஏராளம். மற்ற திட்டங்களில் அவர்கள் வருமானச் சான்றிலேயே வெளியே போய்விடுவார்கள். இதில் அந்தச் சிக்கல் இல்லை.

கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆகவே இளநிலை மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ எழுதி வைத்துவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு எழுதித் தேறினால் பயன் இல்லை. சேரும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

நடைமுறை இப்படி: கல்லூரி தன் லாகினில் உங்கள் பெயரைப் பதிந்து ஒரு அடையாள எண் உருவாக்கும். அந்த எண்ணை வைத்து நீங்கள் தளத்தில் நுழைந்து விவரங்களை நிரப்பி, சான்றுகளை ஏற்றி அனுப்ப வேண்டும். பிறகு கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பும். அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு மாதமும் உங்கள் வருகைப்பதிவைக் கல்லூரி ஏற்ற வேண்டும். அது ஏறாத மாதத்துக்குப் பணம் வராது. வகுப்பில் ஒருவருக்கு வந்து அடுத்தவருக்கு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துறை அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவர் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம் துறையில் கற்பித்தல், ஆய்வு வேலையில் உதவ வேண்டும். வேறு உதவித்தொகையோ சம்பளமோ கூடவே வாங்கக் கூடாது.

இந்தத் திட்டத்தில் கொங்கு வட்டாரப் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் சாதிச் சான்றிதழ். பள்ளியிலிருந்து கையில் இருப்பது மாநில அரசின் பி.சி. சான்றிதழ். கேட்டில் ஓ.பி.சி. பிரிவின் கட்-ஆஃப் பொதுப் பிரிவில் 90 சதவீதம்தான். அந்தக் குறைந்த கட்-ஆஃபில் தேறியவர்கள் மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்த பிரிவில் இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தர வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள் வாங்கியதாக. பி.சி. சான்றிதழை ஏற்றிவிட்டு "அதுவும் ஓ.பி.சி.யும் ஒண்ணுதானே" என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். இ-சேவையில் இரண்டும் தனித்தனி விண்ணப்பம்.

இந்த ஓ.பி.சி. சான்றிதழுக்கான 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பைப் பார்த்துப் பலர் தேவையில்லாமல் பின்வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் அவர்கள் வகிக்கும் பதவி தனியாகப் பார்க்கப்படும். ஓரளவுக்கு மேல் பாசன நிலம் இருந்தால் அதற்கும் தனி விதி உண்டு. தென்னந்தோப்பு வருமானத்தையும் அப்பாவின் மில் சம்பளத்தையும் கூட்டி, நமக்குக் கிடைக்காது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டாம்.

எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.காம். பக்கம் வந்தால், யு.ஜி.சி.யின் தேசிய முதுகலை உதவித்தொகைதான் தொகையில் பெரியது. மாதம் 15,000 வீதம் ஆண்டுக்கு 10 மாதம், இரண்டு ஆண்டுக்கு 3 லட்சம். நாடு முழுக்க ஆண்டுக்கு 10,000 பேர், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. முன்பு ஒரே பெண் குழந்தைக்கென்றும் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவர்களுக்கென்றும் தனித்தனியாக இருந்தவை இப்போது இதில் அடங்கிவிட்டன. 30 வயதுக்கு மேல் போகக் கூடாது, முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு கிடையாது, இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். கிடைத்தால் பெரிய காரியம். ஆனால் போட்டி நாடளவில் என்பதால் இதை நம்பிக் குடும்பக் கணக்குப் போட வேண்டாம். விண்ணப்பிக்க ஒரு மதியம் போதும், போட்டு வைப்பதில் நஷ்டம் இல்லை.

இதற்குத் தேசிய உதவித்தொகைத் தளமான என்.எஸ்.பி.யில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறை அது. விண்ணப்பத்தை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலர் தன் லாகினில் அதை உறுதி செய்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அவருக்கான கடைசித் தேதி உங்களுக்கான தேதிக்குப் பிறகு வரும். 'டிஃபெக்டிவ்' என்று திருப்பி அனுப்பியிருந்தால் அதைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியது நீங்கள்தான். வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும்தான் உண்மையில் அதிகம் பேருக்குக் கிடைப்பவை. முதுகலைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இப்போது எல்லாம் மாநிலத்தின் உயர்கல்வி மாணவர் விவரத் தளமான யூமிஸ் வழியாக நடக்கிறது. முன்பு போல ஃபாரம் எழுதி, ஜெராக்ஸ் வைத்துத் தாலுகா ஆபீசுக்கும் கல்லூரிக்கும் அலைந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். வருமானச் சான்று, சாதிச் சான்று எண்களைப் போட்டால் போதும்.

ஆனால் அந்த எண்தான் சோதனை. பழைய அட்டைச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களிடம் ஆன்லைன் எண் இருக்காது. டி.என். என்று தொடங்கும் எண்ணுள்ள மின் சான்றிதழாக இ-சேவையில் புதிதாக வாங்க வேண்டும். இதை உதவித்தொகை அறிவிப்பு வந்த பிறகு செய்யப் போனால், கூட்டத்தோடு கூட்டமாக வி.ஏ.ஓ., ஆர்.ஐ. லாகினில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மே மாதமே முடித்து வைத்துவிட்டால் ஆகஸ்ட்டில் நிம்மதி. கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் அதை ஜூன் மாதம் எடுத்தால் முழுக் கல்வியாண்டையும் மூடிவிடும். ஜனவரியில் எடுத்தால் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புக்கு நடுவில் காலாவதியாகி நிற்கும்.

வருமானத்தை எவ்வளவு என்று எழுதுவது என்ற கேள்வி தறிக்காரர், பனியன் கம்பெனி வேலைக்காரர், லாரி ஓட்டுபவர் வீடுகளில் எப்போதும் எழும். வாரக்கூலி, பீஸ் ரேட், ரொக்கம், ரசீது கிடையாது. அப்படிப்பட்டவர்கள் தரும் உறுதிமொழிப் படிவத்தையும், ஊரில் விசாரித்ததையும் வைத்துத்தான் வி.ஏ.ஓ. பரிந்துரைப்பார். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தறி போடவோ லாரி எடுக்கவோ வங்கிக் கடனுக்காக அப்பா 5 லட்சத்துக்கு ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்க, மகளுக்கு 96,000 என்று சான்று வாங்கினால், பின்னால் கல்விக்கடனுக்கு அதே வங்கியில் போய் நிற்கும்போது இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வரும்.

சேரும் நாளில் கல்லூரி யூமிஸில் ஏற்றும் விவரங்களில் படிப்பின் பெயர், ஆண்டு, விடுதியா வீடா என்பது, சாதிப் பிரிவு நான்கையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அலுவலகத்தில் அவசரத்தில் ஒன்று மாறிப் பதிவாகியிருந்தால் தொகை குறையும், அல்லது விண்ணப்பமே திறக்காது.

தொகையைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. அரசு மாணவர் விடுதி. 2025இல் இவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். முதுகலை படிப்பவர்களும் சேரலாம், தங்கலும் சாப்பாடும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளுக்கு, வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், பெண்களுக்கு இந்தத் தூர விதி இல்லை. வருமான வரம்பு உண்டு. தாளவாடியிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ கோவைக்கும் சேலத்துக்கும் வரும் பிள்ளைக்கு மாதம் மாதம் மெஸ் பில்லும் அறை வாடகையும் மிச்சமானால், அது ஆண்டுக்கொருமுறை தாமதமாக வரும் எந்த உதவித்தொகையையும்விடப் பெரிது. வசதிகள் விடுதிக்கு விடுதி மாறும். சேருமுன் நேரில் போய்த் தண்ணீர், கழிப்பறை, படிக்கும் இடம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஜூன், ஜூலையிலேயே இடம் நிரம்பும்.

கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டப்படிப்போடு நின்றுவிடும். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் முதல் மூன்றாண்டுக்கு மட்டும் வரும். முதல் பட்டதாரிச் சலுகையும் முதுகலைக்குத் தொடராது. எம்.எஸ்ஸி. சேர்ந்து "போன வருஷம் வந்துச்சு, இந்த வருஷம் வரலீங்க" என்று அலுவலகத்தில் நிற்பவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. இளநிலை முடிக்கும்போதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி, எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல். பணம் அனுமதியாகியும் கணக்குக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலான காரணம் ஆதார் சீடிங். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்திருப்பது வேறு, அந்தக் கணக்கை, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பதிவில் அரசுப் பணம் வாங்கும் கணக்காக இணைத்திருப்பது வேறு. எத்தனை கணக்கில் ஆதார் கொடுத்திருந்தாலும் கடைசியாகச் சீடிங் செய்த ஒன்றுக்குத்தான் பணம் போகும். பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, இளநிலைக் கல்லூரியில் ஒன்று, இப்போது வளாகத்து வங்கியில் ஒன்று என்று மூன்று இருக்கும். பணம் பள்ளிக் கணக்குக்குப் போய், அது மைனர் கணக்காகவே முடங்கிக் கிடந்தால் அங்கேயே அடிபட்டுத் திரும்பும். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் வங்கிக் கிளையில் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் சரிபாருங்கள். "லிங்க் ஆயிருச்சுங்க" என்று கவுன்டரில் சொன்னதோடு நிறுத்திவிட வேண்டாம்.

சிறு கணக்கு வகையில் திறந்தவையும் ஆகாது. அவற்றில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, ஒரு நேரத்தில் 50,000க்கு மேல் இருப்பு நிற்காது. நிலுவை சேர்த்து மொத்தமாக வரும் ஸ்டைபண்டு அதில் முட்டி நிற்கும். பெற்றோரோடு கூட்டாகத் திறந்த கணக்கும் வேண்டாம். கூடவே பெயர்ச் சிக்கல்: மார்க் ஷீட்டில் 'கார்த்திகா எஸ்', ஆதாரில் 'எஸ் கார்த்திகா', வங்கியில் அப்பா பெயரை விரித்து 'கார்த்திகா சுப்பிரமணியம்'. மனிதர்களுக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். ஆதாரை மார்க் ஷீட்டின்படி மாற்றி, வங்கியை ஆதாரின்படி மாற்றுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஒருமுறை அலைச்சலோடு போகும்.

கல்விக்கடனுக்கு வருவோம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்பவர்களுக்குக் கேட் ஸ்டைபண்டு கிடையாது. வருமான வரம்பைத் தாண்டிய குடும்பம் என்றால் மாநில உதவித்தொகையும் இல்லை. அவர்களுக்கு மிச்சம் கடன்தான். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் நல்ல மாற்றம். தகுதிப் பட்டியலில் உள்ள நிறுவனத்தில் சேர்ந்தால் அடமானமும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். 7.5 லட்சம் வரையான கடனுக்கு 75 சதவீத உத்தரவாதத்தை அரசே தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, அதற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்று வரம்பு. 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு முழு வட்டி மானியமே கேட்கலாம். ஆனால் அது வாழ்நாளில் ஒருமுறைதான். இளநிலைக் கடனுக்கு வாங்கியிருந்தால் முதுகலைக்குக் கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, தகுதி நிறுவனத்துக்கு. தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதால் அதனோடு இணைந்த ஈரோட்டுக் கல்லூரிக்கோ நாமக்கல் கல்லூரிக்கோ அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. வித்யாலட்சுமி தளத்தில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் சாதாரணக் கல்விக்கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை அடமானமோ சொந்தப் பங்குத் தொகையோ கேட்கக் கூடாது.

வங்கிக்குப் போகுமுன், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு கடிதத்தில்தான் கடனின் அளவு முடிவாகிறது. முதல் பருவ டியூஷன் ஃபீஸ் மட்டும் எழுதிக் கொடுத்தால் கடனும் அவ்வளவுதான் அனுமதியாகும். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து டியூஷன், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி, மெஸ் என்று ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். புத்தகம், லேப்டாப் செலவையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

"உங்க ஊரு எங்க சர்வீஸ் ஏரியாவுல வராதுங்க தம்பி" என்ற பதில் சில கிளைகளில் இன்னும் வருகிறது. கல்விக்கடனுக்குச் சர்வீஸ் ஏரியா விதி பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாக மறுத்தால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பம் போட்டு, அந்த விண்ணப்ப எண்ணோடு மறுபடி போங்கள். பேச்சு மாறும்.

கடனின் செலவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் இரண்டு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், அதுவரை தனிவட்டி. முதல் லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 30,000, இரண்டாவதற்கு இரண்டாண்டு 20,000. தவணை தொடங்கும்போது 2,50,000 நிற்கும். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த 50,000 அசலோடு சேராது, பல வங்கிகளில் வட்டியிலும் ஒரு சதவீதம் குறைப்பார்கள். முதல் ஆண்டில் அது மாதம் 830 ரூபாய் போலத்தான் வரும். முடிந்த வீடுகள் கட்டிவிடுவதே நல்லது.

முதல் பருவ ஃபீஸுக்கான இடைவெளியை எப்படி அடைப்பது? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகைக்கடன் வைத்து, கல்விக்கடன் அல்லது உதவித்தொகை வந்ததும் மீட்பது பாதுகாப்பானது. கல்விக்கடன் அனுமதியாகும் முன் கட்டிய ஃபீஸை வங்கி திருப்பித் தருமா என்று கட்டுமுன் கிளையில் கேட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டுவதைவிட, கல்லூரி முதல்வரிடம் கடிதம் கொடுத்து இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்பது ஆயிரம் மடங்கு மேல். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

பிஎச்.டி. தனி உலகம். 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தேறினால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக 42,000. ஐந்தாண்டுக்கு 24 லட்சம், வீட்டு வாடகைப்படி தனி. இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. நெட் தேர்வில் இப்போது மூன்று நிலை உண்டு. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று வந்தால் அதில் உதவித்தொகை இல்லை, சேர்க்கைக்கும் ஓராண்டுதான் செல்லும். இதைப் பார்க்காமல் "நெட் பாஸ், பணம் வரும்" என்று முழுநேரத்தில் சேர்ந்துவிடக் கூடாது.

நெட் கைகொடுக்காதவர்களுக்கு மாநிலத்தில் முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் 120 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 25,000 வீதம் மூன்றாண்டு தருகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். பழைய வழிகாட்டிக் காகிதங்களில் அது இன்னும் இருக்கும், நம்பி உட்கார வேண்டாம்.

யு.ஜி.சி. உதவித்தொகை கனரா வங்கித் தளத்தின் வழியாக வருகிறது. பல்கலைக்கழகத்தில் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர, மாதாமாதம் உறுதிப்படுத்தினால்தான் பணம் இறங்கும். நெறியாளர் வருகைச் சான்றில் கையெழுத்திட்டதும் அதை எந்தத் தேதிக்குள் எந்த மேசையில் தர வேண்டும் என்று கேட்டு வைத்து, மாதம் தவறாமல் கொடுத்துவிடுங்கள். இரண்டாண்டு முடியும்போது எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கு வெளி நிபுணர் உட்பட மூவர் குழு கூட வேண்டும். அந்த நிபுணரின் தேதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். 22ஆம் மாதத்திலேயே நெறியாளரிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.